குளத்து லாரியின் முதல் ஓட்டம்

நம் வயதில் இன்னும் மிச்சம் இருக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகளிடம் ஜப்பான்காரன் காலத்துக் கதையை எடுத்தால், "அப்புறம் என்னாச்சு?" என்று ஆவலாகக் கேட்கிறார்கள். நீங்கள் அப்படிக் கேட்கமாட்டீர்கள். பாதியிலேயே தலையைக் குனிந்துகொள்வீர்கள்.

போன மாதம், கூலிமில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பழைய லாரியைச் செய்து முடித்தார். செம்பனைத் தோட்டம் ஒன்றில் கொடி மூடிக் கிடந்ததாம். ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து, சட்டைகூட மாற்றாமல் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அடிச்சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, துருவைச் சுரண்டி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, பச்சை வர்ணம் பூசி, கடைசியில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். தெருவே கூடி நின்றது. "பாட்டி, முதல் ரவுண்டு நீங்கதான். வாங்கலா, ஏறுங்க," என்று கையை நீட்டினார்.

என் கால் எழும்பவில்லை. முட்டிவலி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே சொல்லிவைத்தேன்.

முட்டிவலி இல்லை. அந்த லாரியின் பின்பலகை திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் அக்குள் இரண்டிலும் யாரோ கைவைத்துத் தூக்குகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கையின் சூடு எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்பா தோட்டத்து லாரி டிரைவர். சண்டை நெருங்கி வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அன்று காலையில், அப்பாவைக் கூப்பிட்டு, ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குளத்தில் லாரியை இறக்கிவிடச் சொன்னார். ஜப்பான்காரன் கையில் கிடைத்துவிடக் கூடாதாம். அப்பா என்ன செய்தார் தெரியுமா? லாரியை நன்றாகக் கழுவித் துடைத்தார். அதற்கப்புறம்தான் குளத்தில் இறக்கினார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "பொண்ணக் குளிப்பாட்டி, பூ வச்சு, கெணத்துல தள்ளுன மாதிரில இருக்கு இவரு பண்ணுன வேல!"

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த இரும்பைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். கணீரென்று இருந்தால் "பேசுது" என்பார். சத்தம் செத்துப்போயிருந்தால் "இது ஊம" என்று தூக்கிப் போட்டுவிடுவார். அம்மாவுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஊரில் எந்த நல்லது கெட்டது நடந்தாலும், "நம்ம கையில என்னா இருக்கு, அகப்பதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் இன்னொருவர் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுக்கிற வேலை. மீசை முளைத்ததிலிருந்து அதை முறுக்குவதே இரண்டாவது வேலை. மாமாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. முன்கம்பியில் என்னை உட்காரவைத்துச் செம்மண் சடக்கில் கொண்டுபோவார். சைக்கிளில் பித்தளை வாயும் ரப்பர் உருண்டையும் வைத்த ஹார்ன் ஒன்று இருந்தது. உருண்டையை அமுக்கினால் "பாம்" என்று எருமைக்கன்று கத்துகிற மாதிரி சத்தம் வரும். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்து வளைவில் அதை அமுக்குகிற உரிமை எனக்கு மட்டும்தான். ஜப்பான்காரன் சைக்கிள்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டபோது, மாமா ஹார்னை மட்டும் கழற்றி மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"டேய், அடிக்கப் போறான்டா," என்று அம்மா பதறினாள்.

"சைக்கிளத்தானக்கா கேட்டான், ஹார்னக் கேக்கலியே," என்று சொல்லி அதை என் கையில் வைத்தார் மாமா.

அப்புறம் சயாம் வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்றார்கள். காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் அப்படியே கட்டிய துணியோடு போகவேண்டியதுதான். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயம் முழுக்க ஆண்பிள்ளை இல்லாமல் போய்விட்டது. அங்கே ஒரு சாவு விழுந்தபோது பாடை தூக்க எங்கள் தோட்டத்திலிருந்து ஆள் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் ஆண்கள் பெரட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள். விடிவதற்கு முன்னாலேயே மரவள்ளிக் கொல்லைக்குள்ளும் பெலுக்கார் புதருக்குள்ளும் போய்ப் பதுங்கிக்கொள்வார்கள். மாமா ஆற்றோரம் போய்விடுவார். பிள்ளைகள் நாங்கள் தூக்குச்சட்டியில் அவித்த மரவள்ளி கொண்டுபோவோம். அட்டை கடித்த காலோடு மாமா உட்கார்ந்து தின்பார். "எங்கக்கா வச்ச கிழங்குல உப்பில்ல, போய்ச் சொல்லு," என்பார். உப்பு எங்கே கிடைத்தது அப்போது!

தப்பித்தது அப்பா மட்டும்தான். வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று அவர் பெயரைத் தனியாக வைத்திருந்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, இவன எப்பிடிக் காப்பாத்துறது?" இதுதான் அப்பாவின் வாயில் அப்போது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ கருப்புக் குடை இல்லாமல் நடக்கமாட்டார். குடையை மடக்கியபடி மெதுவான குரலில் சொன்னார்.

"ஜப்பான் ஒபிசர் ஒரு கதை சொன்னவர். தோட்டத்திலை லாரி ஒண்டு ஓடுதெண்டால் இந்த ஆக்களைச் சயாமுக்கு எடுக்கமாட்டினமாம். கிழங்கு ஏத்த, விறகு இறக்க ஆள் வேணுமெல்லோ? குளத்துக்கை கிடக்கிறதை எழுப்ப ஏலுமோ?"

"ஓடலேன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"ஓடும் எண்டு நினைச்சுக்கொண்டு செய்யுங்கோவன்."

அப்பா உள்ளே போய், கூரைச் சந்தில் கைவிட்டு, ரப்பர் ஷீட்டில் சுற்றிக் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். உள்ளே லாரியின் மேக்னெட்டோ. எஞ்சினுக்கு நெருப்புப்பொறி கொடுக்கிற சாமான். குளத்தில் இறக்குவதற்கு முன்னால் துரைக்குத் தெரியாமல் கழற்றிவைத்திருக்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"பேசுது," என்றார்.

பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஒருவர் எருமைகளைக் கொண்டுவந்தார். சங்கிலி மாட்டி இழுத்தபோது, குளம் முதலில் கறுப்பாகக் கொப்பளித்தது. அப்புறம் சேறும் பாசியும் தொங்க ஒரு முதுகு வெளியே வந்தது. நான் பயந்துபோய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அதில் லாரி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மரமெல்லாம் மக்கிப்போயிருந்தது. தகரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எஞ்சின் மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு கெளுத்தி மீன் துள்ளி விழுந்தது. அன்றைக்கு எங்கள் லயத்துத் தச்சர் வீட்டில் மீன் குழம்பு.

"லாரி ஓடுதோ இல்லியோ, கொழம்பு ஓடிருச்சு," என்றாள் தச்சர் பெண்சாதி. அவள் அப்படித்தான். சாவு வீட்டிலும் ஒரு ஆளையாவது சிரிக்கவைத்துவிட்டு வருவாள்.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகு மிஞ்சியது அடிச்சட்டம் மட்டும். ஒரு பெரிய இரும்பு ஏணியைப் படுக்கப்போட்ட மாதிரி இருந்தது. அப்பா அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே நடந்தார். லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "பேசுது மாப்ள. மேல மட்டுந்தான் துரு."

ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்கிற ஆசிட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தண்ணீரில் கலந்து தடவி, தேங்காய்மட்டையாலும் செங்கல் பொடியாலும் தேய்த்தோம். பெண்கள், பிள்ளைகள் எல்லாரும்தான். மூக்கைத் துளைக்கிற அந்தப் புளிப்பு வாடை சோற்றுக்கையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. சோறு எங்கே, கிழங்குக்கை என்று சொல்லவேண்டும். துருவெல்லாம் செங்காவிச் சாறாக ஓடி, அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தபோது, பெண்கள் ஏனோ குலவை போட்டார்கள்.

ஆண்கள் பகலில் புதருக்குள் இருப்பார்கள். ஜப்பான்காரனின் மோட்டார் சைக்கிள் போய்விட்டது தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து வேலையில் சேர்ந்துகொள்வார்கள். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. மாமா கோத்தா கோலா மூடாவுக்கு நடந்தே போய், மீன்பிடிக்கிற மலாய்க்காரர்களிடம் கிழங்கு மாவைக் கொடுத்துத் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தார். தலைக்குத் தடவ ஒரு சொட்டுக் கிடைக்காத காலத்தில் அத்தனையையும் எஞ்சினுக்குள் ஊற்றி ஊறவைத்தார்கள். "எம்மவ தல செம்பட்டையாகிக் கெடக்கு, இதுக்கு எண்ணெக் குளியலு," என்று அம்மா முனகினாள்.

ஆனால் அடுத்த அடி அவளுக்கே விழுந்தது. எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற தகடு செத்துவிட்டது. செப்புத் தகடு இருந்தால்தான் சூடு தாங்கும். அப்பா வீட்டுக்குள் வந்து, மூலையில் இருந்த செப்புக் குடத்தைப் பார்த்தபடி நின்றார். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த குடம். கப்பலில் அவளுடைய தாய் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாம்.

"என்னா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா எங்குடத்த இப்பிடிப் பாக்குறீங்க?" அம்மா தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, குடத்தை அப்பாவின் கையில் திணித்தாள். "எந்தம்பி பேரச் சொல்லி அடிங்க. எனக்குச் சத்தம் கேக்கக் கூடாது." காதைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டாள். குடம் தட்டையாகி, அதில் எஞ்சினுக்கு வேண்டிய நான்கு பெரிய ஓட்டைகள் விழுந்தன.

அதைப் பார்த்ததும் எல்லா வீட்டிலிருந்தும் சாமான் வரத் தொடங்கியது. தச்சர் பெண்சாதி இரும்புக் கட்டிலைக் கொடுத்தாள். அதன் கம்பிகள் பின்பக்கத்து அடைப்பாயின. "நானும் எங்காளும் தரையிலதான் படுக்குறோம். ஓடலேன்னா லாரி மேல வந்து படுத்துக்குவோம், யாரும் எட்டிப் பாக்கக்கூடாது." பூசாரி கோயில் விளக்குச் சங்கிலியைக் கொடுத்தார், பின்பலகைக்கு. ரப்பர் பெட்டிப் பலகையில் தச்சர் முன்கூண்டு கட்டினார். அதன் கூரை ஒழுகியபோது, கிராணி தன் குடையை விரித்து, ஒருமுறை பார்த்துவிட்டு, "துணியை வெட்டி எடுங்கோ," என்று நீட்டினார். டயர்களில் காற்று நிற்கவில்லை. கித்தாத் தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? ஒட்டுப்பாலையும் ஷீட்டையும் சுருட்டி உள்ளே திணித்துக் கட்டினார்கள்.

பெட்ரோல் கிடையாது. எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதில் அடுப்புக்கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டவேண்டும். அப்பா விசிறிக்கொண்டே இருப்பார், மாமா முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றுவார். லாரி இருமும், நின்றுவிடும். இருமும், நின்றுவிடும். கடைசியில் ஒரு நாள் தும்மிக்கொண்டே உறுமத் தொடங்கியது. மாமா கைப்பிடியைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினார்.

"மச்சான், எல்லாம் இருக்கு, வாய்தான் இல்ல லாரிக்கு," என்றார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் ஹார்னை எடுத்துவந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வண்டி புதிதாக வந்தால், மாட்டுவண்டியாக இருந்தாலும் சரி, முதல் ஓட்டம் கோயிலைச் சுற்றித்தான். அந்த வண்டியில் யார் யாருடைய கையும் பொருளும் பட்டிருக்கிறதோ, அந்த வீட்டு ஆண்பிள்ளை அதில் ஏறவேண்டும். ஏறாமல் நின்றுவிட்டால் அந்த வீட்டுச் சாமான் வழியில் கழன்று வண்டி குடைசாயும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் லாரியில் கைபடாத வீடு எது?

ஜப்பான் அதிகாரி இளவயதுக்காரன். கத்திப் பேசமாட்டான். லயத்துக்கு வந்தால் பிள்ளைகளுக்குச் சீனிக்கட்டி கொடுப்பான். லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, கட்டில் கம்பியைத் தடவிப் பார்த்து, கிராணி சொல்லிக்கொடுத்த தமிழில் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றான். எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டான். கிராணி முதல் ஓட்டத்தைப் பற்றி விளக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கு இன்றைக்கும் அந்த முகம் தெரிகிறது. தலையைச் சாய்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"எல்லாரும் ஏறுவாங்களா?"

"எல்லாரும்," என்றார் கிராணி, பெருமையாக.

மறுநாள் பொங்கல் வைக்க அரிசி அனுப்பிவைத்தான். அரிசி! அம்மா அதைக் கையில் அள்ளி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். "பாவம், அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான," என்றாள். லயத்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அந்த அரிசியை எதற்குக் கொடுத்தான் என்று ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்கு எல்லா ஆண்களும் புதரைவிட்டு வெளியே வந்தார்கள். அட்டைக்கடியைக் கழுவி, தாடியை மழித்து, திருநீறு பூசி, பெட்டியில் கிடந்த வெள்ளை வேட்டியைக் கட்டி, தலைத்துண்டு சுற்றி வந்தார்கள். கிராணியும் குடையில்லாத வெறுங்கையோடு வந்து, சிரித்துக்கொண்டே ஏறினார். தச்சர் ஏறியபோது அவர் பெண்சாதி கத்தினாள்: "நம்ம கட்டிலு பத்தரம்!" லயமே சிரித்தது. மாமா கூண்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார், ஹார்ன் பக்கம். "ஹார்ன் குடுத்த மகராணி இல்லாம எப்பிடி?" என்று என்னையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி வந்தான். என் அக்குள் இரண்டிலும் கைவைத்தான். கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி பதமாகத் தூக்கி, கீழே மண்ணில் நிறுத்தினான். என் உள்ளங்கையில் ஒரு சீனிக்கட்டியை வைத்து விரல்களை மூடினான். "பாப்பா, வேணாம்," என்றான்.

அழுதேன். முதல் ஓட்டம் போகமுடியவில்லையே என்று காலை உதறி அழுதேன்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. லாரி புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. பிள்ளைகள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம். கோயிலுக்கு முன்னால் அது வலப்பக்கம் திரும்பிச் சுற்றவேண்டும். திரும்பவில்லை. கித்தா மரங்களுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியோடு சிப்பாய்கள் வந்தார்கள். சத்தமே போடவில்லை. இரண்டு பக்கப் படியிலும் ஏறி நின்றுகொண்டார்கள். பின்னால் இன்னும் கொஞ்சம் பேர், கட்டில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார்கள். லாரி தார்ச் சடக்கைப் பார்த்து நேராகப் போனது.

"கோயிலத் தாண்டிப் போகுதுடோய்! டவுனுக்குப் போறாங்க டவுனுக்கு!" என்று ஒரு பையன் குதித்தான். எங்களுக்கு ஒரே பொறாமை. கைதட்டிக்கொண்டே ஓடினோம். வளைவு வரைக்கும் ஹார்ன் கேட்டது. பாம், பாம், பாம். மாமா எனக்காகத்தான் அமுக்கினார். அப்போது அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தபிறகும் அமுக்கினாரா? எனக்கு இந்த ஒரு கேள்விதான் இன்னும் பாக்கி இருக்கிறது.

லயத்தில் வாழையிலை விரித்துப் பொங்கல் காத்திருந்தது. பெண்கள் சடக்கைப் பார்த்து நின்றார்கள். "டவுனச் சுத்திட்டு வரட்டுமே, எவ்வளவு நாளாச்சு," என்றாள் ஒருத்தி. பொங்கல் ஆறிக் கட்டியானது. ஈ மொய்த்தது. கிராணியின் மனைவி மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் வளைவில் சத்தம் கேட்டது.

பாம்.

நான்தான் முதலில் ஓடினேன். "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" எனக்குப் பின்னால் அத்தனை பெண்களும் ஓடிவந்தார்கள். தச்சர் பெண்சாதி முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எங்கட்டிலக் கொண்டு எங்கய்யா போனீங்க?" என்று சிரித்தபடியே ஓடிவந்தாள்.

லாரி நின்றது. கூண்டில் அப்பா, பக்கத்தில் ஒரு சிப்பாய். பின்னால் யாரும் இல்லை. வெறும் பலகை. அதில் தலைத்துண்டுகள் சில கிடந்தன, மிதிபட்ட செம்பருத்திப் பூக்கள் கிடந்தன.

அவள் சிரிப்பு முகத்திலிருந்து போக நேரம் பிடித்தது. வாய் மட்டும் சிரித்தபடி இருக்க, கண் பலகையைத் தேடிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

அப்பாவை இறங்கவிடவில்லை. உட்கார்ந்தபடியே, யாரைப் பார்த்தும் இல்லாமல் பேசினார். "ஸ்டேஷன்ல கூட்ஸ் பெட்டி ரெடியா நின்னுச்சு. கதவச் சாத்துறப்ப மாப்ள சொன்னான்... 'மச்சான், வளைவுல ஹார்ன் அடிங்க, புள்ள காத்துக்கிட்டு நிக்கும்'ன்னான். அடிச்சேன். அவ்ளோதான் தெரியும் எனக்கு. அடிச்சேன்."

அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்திருந்தாள். "நம்ம கையில என்னா..." என்று தொடங்கினாள். கையைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் முடிக்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும்.

ஜப்பான்காரன் போகும்வரை அப்பா அந்த லாரியை ஓட்டினார். பக்கத்தில் எப்போதும் ஒரு சிப்பாய். கிழங்கு ஏற்றினார், விறகு ஏற்றினார். மற்றத் தோட்டங்களுக்கும் போனார். அங்கே என்ன ஏற்றினார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. முதல் நாளே ஹார்னைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதை அமுக்கவில்லை. லயத்தில் அவரை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழி விடுவார்கள். தச்சர் பெண்சாதி மட்டும் ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்: "கட்டிலக் குடுத்தேன், ஆளையும் சேத்துக் குடுத்துட்டேன்யா ஒங்கிட்ட." அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. யாரும் சிரிக்கவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் கொஞ்சப் பேர். தச்சர் வரவில்லை. கிராணி வரவில்லை. பூசாரி வந்தார், காலில் ஆறாத புண்ணோடு. அம்மா அவருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் கஞ்சியைப் பார்த்தபடியே சொன்னார்: "காச்சல்தான் கொண்டுபோச்சு ஒந்தம்பிய. அங்க லாரி சத்தம் கேட்டா போதும், எந்திரிச்சு ஒக்காந்துக்குவான். எங்க மச்சான் வந்துட்டாரு, நம்மளத் திருப்பிக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றாருன்னு எல்லாருகிட்டயும் சொல்லுவான். மச்சான் மேல கோவமே இல்லம்மா அவனுக்கு."

அப்பா வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தச்சர் பெண்சாதி சுத்தியலோடு லாரியிடம் போனாள். கட்டில் கம்பியை அடிக்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்தோம். அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவள் பக்கத்தில் குந்தி, "அடிச்சா வளைஞ்சிரும், இரு," என்று சொல்லி, நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பிகளை அடுக்கி அவள் தோளில் வைத்தார்.

அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தது. "எது ஒன்னுது, காட்டு," என்பார். கழற்றிக் கொடுப்பார். பூசாரிக்குச் சங்கிலி. கிராணியின் மனைவிக்குக் குடைத்துணி. கரிப்புகை ஏறி விறைத்துப்போயிருந்தது. அவள் அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள். கடைசியில் எஞ்சின் தலையைத் திறந்து, அம்மாவின் கையில் அந்தச் செப்புத் தகட்டை வைத்தார். நான்கு ஓட்டை. அம்மா அதைப் புளி போட்டு விளக்கினாள். விளக்கி, குடம் இருந்த அதே மூலையில் சாத்திவைத்தாள். அது எங்கள் வீட்டில் கடைசிவரை அங்கேதான் இருந்தது.

மிஞ்சியது அடிச்சட்டம் மட்டும். அப்பா அதை ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றுதான் கேட்டது, நானே கேட்டேன். "ஊம," என்றார். மேக்னெட்டோவைக் குளத்தின் நடுவில் தூக்கி எறிந்தார். அப்புறம் தோளைக் கொடுத்துச் சட்டத்தைத் தள்ளத் தொடங்கினார். அது நகரவில்லை. தச்சர் பெண்சாதி கம்பிகளைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். அம்மா வந்தாள், எல்லாப் பெண்களும் வந்தார்கள். தண்ணீர் அதை ஒரே வாயில் விழுங்கியது.

சில மாதங்களில் பழைய துரை திரும்பி வந்தார். மெலிந்திருந்தார், தொப்பி மட்டும் புதிது. லயத்து முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து விசாரித்துக்கொண்டே வந்தார். அப்பாவின் முன்னால் நின்று, தன் உடைந்த தமிழில் கேட்டார்.

"டிரைவர், லாரி எங்கே?"

அப்பா கைகட்டி நின்றார். "நீங்க எறக்கச் சொன்ன எடத்துலதாங்க தொரை இருக்கு."

துரை குளத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "சபாஷ். நல்ல ஆளு. சொன்னபடி செய்ற ஆளு."